நகரத்தில் கேமரா அபராதம் வரப்போகிறது: வரைவு விதியில் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

நடைபாதைவாசி எழுதியது:

வணக்கம். சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர்களையும் வேகமாகப் போகிறவர்களையும் கேமரா வைத்துப் பிடிக்க எங்கள் நகராட்சி ஒரு வரைவு விதி போட்டிருக்கிறது. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

நான் கேமராவுக்கு எதிரி இல்லை. தினமும் நடந்து போகிறவன், பச்சை மனிதன் எரியும்போது சாலையைக் கடந்தால்கூட யாராவது ஹாரன் அடித்துக்கொண்டே குறுக்கே பாய்கிறார்கள். ஆனால் வரைவைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. நாலு பக்கம்தான். எல்லாச் சிக்னலிலும் மஞ்சள் 3 நொடி என்று ஒரு வரி இருக்கிறது. கேமராக்களை ஒரு தனியார் நிறுவனம் தன் செலவிலேயே வைக்கும், வசூலாகும் ஒவ்வொரு அபராதத்திலும் அதற்குப் பங்கு. இடங்களை நிறுவனமும் அதிகாரிகளும் ‘கலந்து பேசி’ முடிவு செய்வார்கள். நோட்டீஸ் எத்தனை நாளில் வரும், படத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், தவறாக வந்தால் யாரிடம் போவது, இதைப் பற்றியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை.

சங்கத்தில் பாதிப் பேர் ‘கேமராவே வேண்டாம்’ கட்சி, மீதிப் பேர் ‘முதலில் வைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ கட்சி. இந்த வேலையில் இருந்தவர்கள், மற்ற நாடுகளில் இதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லி விடாப்பிடியாகக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். ‘வெளிப்படைத்தன்மை வேண்டும்’ மாதிரி பொதுவாகச் சொன்னால் எனக்கு உதவாது.

---

மூன்றுவிளக்கு:

சிக்னல் நேரம் கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. அந்த ‘எல்லா இடத்திலும் 3 நொடி’ வரியை முதலில் பிடியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மஞ்சள் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பது அந்தச் சாலையின் வேகத்தைப் பொறுத்தது. உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் கணக்கு ரொம்பச் சுலபம். ஓட்டுநர் விளக்கைப் பார்த்துச் சுதாரிக்க 1 நொடி, அதோடு பதறாமல் பிரேக் பிடிக்கத் தேவையான நேரம். சமதளச் சாலை என்றால், வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றி, 6.1 ஆல் வகுத்து, 1 கூட்டுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கிட்டத்தட்ட 3.3 நொடி வரும். 70-க்கு 4.2.

இப்போது 70 போகலாம் என்று பலகை வைத்த சாலையில் 3 நொடி மஞ்சள் கொடுத்தால் என்ன ஆகும் பாருங்கள். சரியாக 70-ல் வருகிறவர் நிதானமாக நிற்க சுமார் 81 மீட்டர் வேண்டும். அதே வேகத்தில் 3 நொடியில் அவர் கடப்பது 58 மீட்டர்தான். ஆக, மஞ்சள் விழும் நேரத்தில் நிறுத்தக் கோட்டிலிருந்து 58-க்கும் 81-க்கும் நடுவில் யார் இருந்தாலும் அவரால் ஒழுங்காக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன்னால் கோட்டைத் தாண்டவும் முடியாது. ஒரு தப்பும் செய்யாதவருக்கு 23 மீட்டர் நீளத்தில் பொறி. அங்கே கேமராவையும் வைத்தால் காசு கொட்டும், சொல்லவே வேண்டாம். இன்னொன்று, சிவப்பைத் தாண்டுகிறவர்களில் பெரும்பாலோர் சிவப்பு விழுந்த முதல் ஒரு நொடிக்குள் தாண்டுகிறவர்கள்தான், அதனால் மஞ்சளில் ஒரு சின்னத் துண்டைக் கடித்தாலும் வசூல் எங்கேயோ போய்விடும்.

சிகாகோவில் இது நடந்தே விட்டது. குறைந்தபட்சம் 3 நொடி என்று அவர்களே வைத்த விதி, ஆனால் மஞ்சள் 2.9 நொடிதான் எரிந்ததாகப் பதிவானதற்கும் அபராதம் போக ஆரம்பித்தது. 2014-ல் நகரின் தலைமை ஆய்வாளர் தோண்டிப் பார்த்ததில் அப்படிப் போன நோட்டீஸ் சுமார் 77,000. ஒவ்வொன்றும் 100 டாலர்.

பிலடெல்பியாவில் தலைகீழாகச் செய்தார்கள். முதலில் மஞ்சளை நீட்டினார்கள், அதிலேயே மீறல் 36 சதவீதம் குறைந்தது. அதற்கப்புறம் கேமரா போட்டார்கள், மிச்சம் இருந்ததில் 96 சதவீதம் போய்விட்டது. 2008-ல் வெளியான ஆய்வு. வரிசை முக்கியம்: மஞ்சளைச் சரி செய், பிறகு கேமரா.

நீங்கள் கேட்க வேண்டிய வரிகள்: ஒவ்வொரு சந்திப்புக்கும் மஞ்சள் நேரக் கணக்கைத் தனித்தனியே வெளியிட வேண்டும், கேமரா வந்த பிறகு அதைக் குறைக்கக் கூடாது, நோட்டீஸிலேயே ‘மஞ்சள் இத்தனை நொடி எரிந்தது, சிவப்பு விழுந்து இத்தனை நொடி கழித்து வண்டி கோட்டைத் தாண்டியது’ என்று அச்சிட வேண்டும்.

சந்திப்பில் திரும்புகிற வண்டிகளுக்கு இந்தக் கணக்கே போதாது என்று அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர் வாதாடினார். அவர் மனைவிக்குக் கேமரா நோட்டீஸ் வந்ததில் ஆரம்பித்த விவகாரம். உரிமம் இல்லாமல் பொறியாளர் வேலை பார்த்தாய் என்று அந்த மாநில வாரியம் அவருக்கே 500 டாலர் அபராதம் போட்டது! வழக்குப் போட்டு 2018-ல் ஜெயித்தார், 2020-ல் போக்குவரத்துப் பொறியாளர்களின் பரிந்துரையும் திருந்தியது. உங்கள் ஊர்க்காரர்கள் ‘இது நிபுணர் விஷயம், உங்களுக்குப் புரியாது’ என்று சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

---

கல்லாப்பெட்டி:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் அந்த 3 நொடி ஏன் 3 நொடியாகவே இருக்கிறது என்று கேட்டால் பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு நோட்டீஸுக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கூலி கொடுத்தால் அந்த நிறுவனம் விபத்து நடக்கும் இடத்தைத் தேடாது, மீறல் அதிகம் நடக்கும் இடத்தைத்தான் தேடும். இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இறக்கத்தின் அடியில், வேகப் பலகை சட்டென்று மாறும் இடத்தில், இப்படித்தான் கேமரா போய் நிற்கும்.

சிகாகோவில் அந்த ஒப்பந்தத்துக்காக லஞ்சம் வாங்கிய நகர அதிகாரிக்கு 2016-ல் பத்து ஆண்டு சிறை. கேமரா நிறுவனத்தின் தலைமை அதிகாரியும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதனால் ‘எங்கள் அதிகாரிகள் நல்லவர்கள்’ என்ற நம்பிக்கையில் விதி எழுத வேண்டாம்.

கலிபோர்னியா 2023-ல் ஆறு நகரங்களுக்கு வேகக் கேமரா அனுமதித்துச் சட்டம் போட்டது, அதைத் தேடிப் பிடித்துப் படியுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. நோட்டீஸ் எண்ணிக்கையை வைத்து நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது. முதல் 60 நாள் வெறும் எச்சரிக்கைக் கடிதம் மட்டும். செலவு போக மிச்சப் பணம் வேகத்தடை, நடைபாதை மாதிரி சாலையைப் பாதுகாப்பாக்கும் வேலைகளுக்குத்தான் போக வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு அபராதத்தில் தள்ளுபடி உண்டு. எனக்குப் பிடித்தது இது: 18 மாதத்தில் அந்த இடத்தில் வேகம் குறைந்ததாகக் காட்ட முடியாவிட்டால் கேமராவை அப்படியே ஓட்ட முடியாது, ஒன்று நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சாலையின் அமைப்பையே மாற்ற வேலை செய்ய வேண்டும். மீறல் குறையாத கேமரா தோற்றுப்போன கேமரா என்று சட்டமே சொல்கிறது. கல்லா நிரம்பினால் வெற்றி என்று நினைக்கிறவர்களுக்கு இது கசக்கும்.

---

வேகமானி:

எதற்கு இவ்வளவு சுற்றி வளைப்பு? கேமரா என்றாலே வசூல்தான். டெக்சாஸ் 2019-ல் சிவப்பு விளக்குக் கேமராவைத் தடை செய்தது, கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2025-ல் வேகக் கேமராவையே தூக்கி எறிந்தது. பிரான்சில் அரசுக்கு எதிரான மஞ்சள் அங்கிப் போராட்டத்தில் மக்கள் வேகக் கேமராக்களில் பாதிக்கு மேல் அடித்து நொறுக்கினார்கள். மக்கள் மூளை இல்லாமலா செய்தார்கள்? அதுவும் போக, கேமரா இருக்கும் இடத்தில் எல்லாரும் திடீரென்று பிரேக் அடிப்பதால் பின்னால் வருகிறவன் முட்டுகிறான். ‘வேண்டாம்’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள்.

---

மூன்றுவிளக்கு:

@வேகமானி, பின்னால் முட்டுவது உண்மைதான், மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஏழு இடங்களின் விவரத்தை வைத்து 2005-ல் அரசே செய்த ஆய்வில் பின்மோதல் சுமார் 15 சதவீதம் கூடியது. ஆனால் பக்கவாட்டில் இடிப்பது 25 சதவீதம் குறைந்தது. பின்னால் முட்டினால் பெரும்பாலும் பம்பர் போகும், கழுத்து வலிக்கும். கதவுப் பக்கம் இடித்தால் ஆளே போவார். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

தடை செய்ததைச் சொன்னீர்கள், தடைக்குப் பின்னால் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? 2016-ல் வந்த ஓர் ஆய்வு, கேமராவை அணைத்துவிட்ட நகரங்களில் சிவப்பைத் தாண்டியதால் நடந்த உயிர்ப்பலி விபத்து, அணைக்காமல் இருந்திருந்தால் எதிர்பார்த்ததைவிட 30 சதவீதம் அதிகம் என்றது. நடைபாதைவாசி நடந்து போகிறவர். அவருக்கு எது முக்கியம் என்று அவரே சொல்லட்டும்.

கேமரா முன்னால் மட்டும் மெதுவாகப் போய்விட்டு அப்புறம் பறப்பதற்கு மருந்து உண்டு, இரண்டு கேமராவுக்கு நடுவே எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துச் சராசரி வேகம் பார்ப்பது. நீளமான சாலைக்கு அதுதான் நியாயமானது, ஒரு கணம் கால் தவறி அழுத்தியவரை விட்டுவிடும், விடாமல் பறக்கிறவரைப் பிடிக்கும்.

---

இரண்டாம்பார்வை:

நான் சில காலம் இந்தப் படங்களைப் பார்த்து ‘அனுப்பு, விடு’ என்று முடிவு சொல்லும் வேலையில் இருந்தேன். கம்ப்யூட்டர் சொன்னதை ஒரு மனிதர் பார்த்த பிறகுதான் நோட்டீஸ் போகும் என்று எல்லா நகரமும் சொல்லும். அந்த மனிதருக்கு ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, அதைக் கேளுங்கள். நாள் முழுக்கப் படம் பார்த்தால் சாயங்காலம் கை தானாக ‘அனுப்பு’ பொத்தானுக்குப் போகும்.

என்னென்ன வரும் தெரியுமா? ஆம்புலன்ஸுக்கு வழிவிடக் கோட்டைத் தாண்டி ஓரமாக நின்ற கார். போலீஸ்காரர் நடுவில் நின்று கையைக் காட்டி வரச் சொல்லியிருப்பார், விளக்கு சிவப்பு. சேறு படிந்த நம்பர் பிளேட், அதில் 8 இருக்கிறதா 3 இருக்கிறதா என்பது கடவுளுக்கே வெளிச்சம். பதிவேட்டில் வெள்ளை வண்டி, படத்தில் சிவப்பு வண்டி, அதாவது யாரோ அந்த நம்பரைத் திருடி மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் 2021-ல் ஒரு பெண்ணின் பனியனில் இருந்த எழுத்தைக் கேமரா நம்பர் பிளேட் என்று படித்து, எங்கோ தூரத்தில் இருந்த ஒரு கார்க்காரருக்குப் பேருந்துத் தடத்தில் போனதாக நோட்டீஸ் போயிற்று. சிரிப்பு வரும், ஆனால் அந்தப் படத்தையும் ஒரு மனிதர் பார்த்திருந்தால் அது தபாலில் போயிருக்குமா?

வேகக் கேமராவுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று. ரேடார் சொன்ன எண்ணை மட்டும் நம்பக் கூடாது. சாலையில் 2 மீட்டர் இடைவெளியில் வெள்ளைக் கோடு போட்டு, அரை நொடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்க வேண்டும். முதல் படத்தில் முன் சக்கரம் எந்தக் கோட்டில், இரண்டாவதில் எந்தக் கோட்டில்? நாலு கோடு நகர்ந்திருந்தால் அரை நொடிக்கு 8 மீட்டர், மணிக்கு 58 கிலோமீட்டர் மாதிரி. ரேடார் 74 என்று சொன்னால் எங்கோ கோளாறு, பக்கத்து லாரியில் பட்டுத் திரும்பிய அலையாக இருக்கலாம், தூக்கிப் போடு. பள்ளிக்கூடப் பையன் போடும் கணக்கு. பால்டிமோரில் 2012-ல் சிவப்பில் அசையாமல் நின்ற காருக்கு மணிக்கு 38 மைல் வேகம் என்று நோட்டீஸ் போனதைப் பத்திரிகைக்காரர்கள் வெளியே கொண்டுவந்தார்கள், வீடியோவில் கார் நிற்பது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. அடுத்த ஆண்டே கேமராத் திட்டத்தை மூடினார்கள், திரும்பத் தொடங்கியது 2017-ல்தான்.

அந்த இரண்டு படமும் வீடியோவும் நோட்டீஸ் வாங்கியவர் தன் வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். ‘அலுவலகத்துக்கு நேரில் வந்து பார்க்கலாம்’ என்றால் ஒரு நாள் கூலி போகுமே என்று முக்கால்வாசிப் பேர் பேசாமல் கட்டிவிடுவார்கள், அதிகாரிகளுக்கும் அது தெரியும்.

---

நடைபாதைவாசி:

அடேங்கப்பா. எல்லாருக்கும் நன்றி. அந்த 58 – 81 மீட்டர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

@வேகமானி, சங்கத்தில் உங்கள் கட்சியும் இருக்கிறது, ஆனால் நான் ‘வேண்டாம்’ என்று எழுத மாட்டேன். வைத்தால் இப்படித்தான் வைக்க வேண்டும் என்று எழுதுவேன்.

இன்னும் ஒரு சந்தேகம். வண்டி என் பெயரில், ஓட்டியது என் மகன். நோட்டீஸ் எனக்குத்தான் வரும் என்கிறது வரைவு. இது எப்படி நியாயம்? வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் பாடு என்ன?

---

கல்லாப்பெட்டி:

இதில் நாட்டுக்கு நாடு வழி வேறு. ஜெர்மனியில் ஓட்டியவர்தான் பொறுப்பு, அதனால் முகம் தெரிகிற மாதிரி முன்னால் படம் எடுப்பார்கள், பக்கத்தில் இருப்பவரின் முகத்தை மறைத்துவிடுவார்கள். ஓட்டியவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் உரிமையாளருக்கு அபராதம் இல்லை, ஆனால் இனிமேல் யார் எப்போது ஓட்டினார்கள் என்று பதிவேடு எழுது என்று உத்தரவு போடலாம். பிரிட்டனில் நோட்டீஸ் 14 நாளுக்குள் உரிமையாளரிடம் வர வேண்டும், ஓட்டியது யார் என்று அவர் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். நியூயார்க் மாதிரி இடங்களில் இது பார்க்கிங் அபராதம் போல, உரிமையாளர் தலையில்தான் விழும், ஆனால் தொகை 50 டாலர், உரிமத்தில் கரும்புள்ளி கிடையாது.

என் கருத்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் ஓட்டினார் என்று நிரூபிக்காமல் உரிமையாளரைப் பிடித்தால் தண்டனை சின்னதாக இருக்கட்டும், உரிமத்தில் கை வைக்காதே. உரிமத்தை முடக்கும் அளவுக்குப் போனால் ஓட்டியவரை நிரூபி. வாடகை வண்டிக்கு, ஓட்டியவரின் விவரத்தைக் கொடுத்தால் பொறுப்பு அவருக்கு மாறும் என்று ஒரு வரி போதும்.

---

கிழக்குவாசல்:

இந்திய விதியையும் சேர்த்துப் பாருங்கள், எழுத்தில் அது மோசமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 136ஏ பிரிவு வந்தது, அதற்கான 167ஏ விதியை 2021-ல் அறிவித்தார்கள். அதன்படி கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிகிற மாதிரிப் பலகை வைக்க வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழ் வேண்டும், மீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸில் நம்பர் பிளேட்டும் மீறலும் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, இடம், நேரம், எந்தப் பிரிவு, எல்லாம் இருக்க வேண்டும். அப்படியும் மாநிலங்களைச் செய்ய வைக்க உச்ச நீதிமன்றம் 2024-ல் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்த வழக்கைப் போட்டவர் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன். அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த மருத்துவர் போட்ட வழக்கு, வசூலுக்கு ஆசைப்பட்ட யாரோ போட்டது அல்ல என்பதையும் @வேகமானி கவனிக்கட்டும்.

நாள் கணக்கு ஏன் முக்கியம் என்றால், மூன்று மாதம் கழித்து ஒரு நோட்டீஸ் வந்தால் அன்றைக்கு அங்கே போனோமா என்பதே நினைவிருக்காது. அதைவிட மோசம், முதல் நோட்டீஸ் வருவதற்குள் அதே இடத்தில் இன்னும் பத்து முறை மாட்டியிருப்போம். திருத்துவதற்குத்தானே கேமரா? உடனே தெரிந்தால்தானே திருந்த முடியும்.

---

வேகமானி:

சரி, இத்தனை நிபந்தனையோடு வைத்தால் எனக்கும் ஆட்சேபணை குறைவுதான். ஆனால் படம் எல்லாம் எங்கே போகிறது? இன்றைக்குச் சிவப்பு விளக்குக்கு வைத்தேன் என்பார்கள், நாளைக்கு யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்று பார்ப்பார்கள். சீனாவில் நிங்போ நகரில் 2018-ல் சாலையைத் தவறாகக் கடக்கிறவர்களைக் கேமரா முகம் பார்த்துப் பிடித்து, பெரிய திரையில் போட்டு அவமானப்படுத்தினார்கள். ஒரு நாள் பேருந்து விளம்பரத்தில் இருந்த பிரபலத் தொழிலதிபர் படத்தையும் பிடித்துத் திரையில் போட்டுவிட்டது. அம்மணி அந்த இடத்திலேயே இல்லை!

---

இரண்டாம்பார்வை:

@வேகமானி, இது நியாயமான பயம். அதற்கும் வரி இருக்கிறது. மேலே சொன்ன கலிபோர்னியாச் சட்டத்தில் முகம் அடையாளம் காண்பதற்குத் தடை, படம் வண்டியின் பின்பக்க நம்பர் பிளேட்டை மட்டும் எடுக்க வேண்டும், மீறல் இல்லாத படத்தை ஐந்து வேலை நாளுக்குள் அழிக்க வேண்டும். நடைபாதைவாசி, இதில் ‘வேறு எந்தத் துறைக்கும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கொடுக்கக் கூடாது’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அழித்தார்களா என்று யார் சரிபார்ப்பார் என்பதையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள், நிறுவனமே தனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டால் பிரயோஜனம் இல்லை.

---

நடைபாதைவாசி:

குறித்துக்கொண்டேன். மஞ்சள் நேரம், நோட்டீஸுக்கு நாள் வரம்பு, நிறுவனத்துக்குப் பங்கு கூடாது என்பது, இரண்டு படம், அழிக்கும் தேதி, இந்த வரிசையில் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன். ஓட்டையைத் திட்டித் தீர்த்துவிடுங்கள், அப்புறம்தான் அனுப்புவேன். @மூன்றுவிளக்கு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் சிக்னல் ஏற்றத்தில் இருக்கிறது, அதற்கும் அதே 6.1 தானா?

---

மூன்றுவிளக்கு:

இல்லை, மாறும். ஏற்றத்தில் வண்டி தானே வேகம் குறையும், அதனால் மஞ்சள் கொஞ்சம் குறைவாகப் போதும். எதிர்ப்பக்கம் இறக்கத்தில் வருகிறவர்களுக்குத்தான் கூடுதலாக வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் ஒரே மஞ்சள் என்றால் இறக்கத்துக்குத் தேவையானதையே வைக்கச் சொல்லுங்கள். சரிவு எத்தனை சதவீதம் என்று நகராட்சியிடம் கேட்டு வாங்குங்கள், கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.